தோட்டத்துக் கேள்வி பதில்: சூப்பில் போடும் மஞ்சள் வேர்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தங்கை லீவில் வந்தபோது, அங்கே கோழி சூப்பில் போடும் மஞ்சள் வேர்ச் சீவல் ஒரு பைக்கட்டும், அதன் விதை என்று ஒரு பிடியும் கொண்டுவந்தாள். 'ஹுவாங் சி' என்கிறாள். உடம்புக்குத் தெம்பாம். வீட்டுக்குப் பின்னால் போட்டால் வருமா? மூட்டுவாதத்துக்குக் கிளினிக்கில் மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் அம்மாவுக்குக் கொடுக்கலாமா?
(ஒரு வாசகி, பண்டாரவளை)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்கிறேன். அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள், தங்கச்சி. வாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குகிறது. அதை அடக்கத்தான் அந்த மாத்திரை. இந்த வேரோ எதிர்ப்புச் சக்தியைத் தூண்டவென்றே குடிப்பது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அடுத்த கிளினிக் நாளில் பைக்கட்டையே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஹுவாங் சி என்பது அஸ்ட்ராகலஸ் இனத்துச் செடி. வட சீனாவிலும் மங்கோலியாவிலும் காட்டில் பல வருஷம் நின்று வளரும். அவரை, அதிமதுரம் எல்லாம் இதற்குச் சொந்தம். இலை அகத்தி மாதிரி, பூ வெளிர்மஞ்சள். சீவலைக் கொதிக்கவிட்டுச் சாறைத்தான் குடிப்பார்கள். சக்கை விறகு மாதிரி, மெல்ல முடியாது. அஸ்ட்ராகலஸில் 2,000க்கு மேல் வகைகள் உண்டு. வட அமெரிக்காவில் மாட்டுக்கும் குதிரைக்கும் புத்தி பேதலிக்க வைக்கும் நச்சு வகைகளும் அதே இனம்தான். விதையைப் பார்த்து எது எது என்று நம்மால் பிரிக்க முடியாது.

ஆகவே அந்த ஒரு பிடி விதையை மண்ணில் போடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிநாட்டு விதைக்கு அனுமதி வேண்டும். ஹோர்டன் சமவெளியில் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதரைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த கோர்ஸ் செடி அது, இதுவும் அவரைக் குடும்பம்தான். இன்றுவரை பிடுங்கித் தீரவில்லை.

முறையாக அனுமதி எடுத்த நண்பர் ஒருவர் தந்த 20 விதையை வெலிமடையில் நான் போட்டேன். முதல் 6ஐ அப்படியே ஊன்றினேன், ஒன்றுதான் முளைத்தது. தோல் அவ்வளவு கடினம். மீதி 14ஐ சாண்ட் பேப்பரில் இரண்டு இழுப்பு இழுத்து, இரவு முழுக்க நீரில் ஊறவைத்தேன், 9 வந்தன. அவசரப்பட்டு நர்சரிப் பையில் வளர்த்ததுதான் என் பிழை. ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுவிட்டது. தேயிலைக் கன்றில் அப்படி ஒரு வேரைக் கண்டால் தூக்கி எறிந்திருப்பேன், இதில் மனம் வரவில்லை. நட்டவற்றில் 3 போயின. இரண்டாம் வருஷம் ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கிய கீழ்ப் பாத்தியில் 5 அழுகின. சரிவின் மேலே, மணல் கலந்த மண்ணில் நின்ற 2 தப்பின.

நாலாம் வருஷம் ஒன்றைத் தோண்டினேன். சுண்டுவிரல் மொத்தம், வெளியே மண் நிறம், வெட்டினால் நடுவே மஞ்சள். பச்சைப் பயறு வாசம், கடித்தால் மெல்லிய இனிப்பு. ஒரு சட்டி சூப்புக்குக் காணும், அவ்வளவுதான். மற்றதை இன்னும் தோண்டவில்லை.

கேள்வி: அவரைக் குடும்பச் செடிகள் மண்ணுக்கு உரம் தருமாமே. எங்கள் மரக்கறிப் பாத்திக்கு எதைப் போடலாம்?
(ஒரு வாசகர், ஹட்டன்)

பதில்: அதற்குச் சீனா போக வேண்டாம். தேயிலை மலையில் நிழலுக்கு நிற்கும் டடப் மரத்தின் கொப்பை வெட்டிப் போடுங்கள். போஞ்சி காய்த்து முடிந்ததும் கொடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விடுங்கள். ஒரு செடியை மட்டும், பூக்கிற காலத்தில், மெதுவாகத் தோண்டிப் பாருங்கள். வேரில் கடுகு, மிளகு அளவில் முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் அதன் வேலை முடிந்தது.