இரண்டாம் உலகப்போரில் ஓடிய ஜெர்மனியின் டைகர், சோவியத்தின் டி-34, அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கிகளில் எதன் சஸ்பென்ஷன் சிறந்தது?

அலுங்காமல் போவதற்கு மட்டும் மார்க் போட்டால் டைகர்தான். ஆனால் என் தேர்வு ஷெர்மன். பத்து வருடம் லாரிப் பட்டறையில் கமான் பட்டை கழற்றி மாட்டியவன் நான். எந்த வண்டியைப் பார்த்தாலும் 'இதை எப்படிக் கழற்றுவது?' என்றுதான் முதலில் யோசிப்பேன்.

டைகரின் தரைக்குள் குறுக்கே எஃகுத் தண்டுகள் படுத்திருக்கும். டார்ஷன் பார் என்பது இதுதான். ஒரு முனை எதிர்ப்பக்கச் சுவரில் இறுகியிருக்கும், மறுமுனையில் சக்கரத்தைத் தாங்கும் கை. சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும். இறங்கியதும் பழையபடி வந்துவிடும். பக்கத்துக்கு 8 கைகள், ஒவ்வொன்றிலும் 3 சக்கரங்கள், ஆக 24. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகினாற்போல இருக்கும். 57 டன் எடை இத்தனை சக்கரங்களில் பரவுகிறது.

சரி, உள்வரிசைச் சக்கரம் ஒன்றின் ரப்பர் பிய்ந்துவிட்டால்? வெளியே இருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்த பிறகுதான் அதில் கை வைக்க முடியும். ரஷ்யக் குளிரில் சக்கரங்களுக்கு நடுவே அப்பிய சேறு ராத்திரியில் உறைந்து, காலையில் வண்டியை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். ரயிலில் ஏற்றக்கூட வெளிவரிசைச் சக்கரங்களைக் கழற்றி, 72 செ.மீ. அகல டிராக்கை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை) எடுத்துவிட்டு 52 செ.மீ. டிராக் மாட்ட வேண்டும். அதை ஓட்டிய பையன்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

டி-34-இல் இருப்பது அமெரிக்கப் பொறியாளர் வால்டர் கிறிஸ்டியின் முறை. பக்கத்துக்கு 5 பெரிய சக்கரங்கள், நல்ல வேகம். ஆனால் நீளமான சுருள்வில்கள் உள்ளே சுவரோரம் நின்று ஆட்கள் உட்காரும் இடத்தைத் தின்றுவிட்டன. ஷாக் அப்சார்பரும் கிடையாது. வண்டி நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருந்தால் குறி பார்ப்பது எப்படி? அடுத்து வந்த டி-44-இல் சோவியத்காரர்களே டார்ஷன் பாருக்கு மாறிவிட்டார்கள்.

ஷெர்மனில் எல்லாமே வெளியில். இரண்டு சக்கரமும் வில்லும் சேர்ந்த ஒரு செட், பக்கத்துக்கு மூன்று, உடம்போடு போல்ட் போட்டு மாட்டியது. கண்ணிவெடியில் ஒன்று சிதைந்தால் போல்ட்டைக் கழற்றி வேறு செட்டை மாட்டிவிடலாம், டாங்கியின் உள்ளே எதையும் தொட வேண்டாம். குறையும் உண்டு: குலுக்கல் அதிகம், 42 செ.மீ. டிராக் சேற்றில் புதையும். 1944-இல் வந்த புதிய சஸ்பென்ஷன் டிராக்கை 58 செ.மீ. ஆக்கியது, அதில் சக்கரம் மாற்றுவது இன்னும் சுலபம்.

போருக்குப் பிறகு பெரும்பாலான நாடுகள் டார்ஷன் பார் பக்கம் போனது உண்மைதான். ஆனால் 1979-இல் படையில் சேர்ந்த இஸ்ரேலின் மெர்காவா டாங்கியைப் பாருங்கள், சுருள்வில்கள் வெளியேதான் இருக்கின்றன.