அனுப்பிய போன் வேறு என்கிறார்களே!
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஆன்லைன் கடையொன்றில் 8,499 ராண்டுக்கு போன் வாங்கினேன். பன்னிரண்டாம் நாளே திரை தொட்டால் நகரவில்லை. 'பழுது' என்று காரணம் குறித்து ரிட்டர்னுக்குப் பதிவு செய்தேன். அவர்களே அனுப்பிய கூரியர் ஆள் பக்கியில் (சிறு சரக்கு வண்டி) வந்து பெட்டியோடு எடுத்துப் போனார். பத்து நாள் கழித்து மின்னஞ்சல் வருகிறது: 'நீங்கள் அனுப்பியது வேறு போன், ஐ.எம்.இ.ஐ. எண் பொருந்தவில்லை, பணம் தர முடியாது, அந்தப் போனையே திருப்பி அனுப்புகிறோம்.' பெட்டியை மூடும்போது நான் படம் எதுவும் எடுத்து வைக்கவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: முடியும் அம்மா. படம் இல்லாதது குறைதான், ஆனால் வழக்கு அதோடு முடிந்துவிடாது. 'நான் ஏமாற்றுக்காரி இல்லை' என்று பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். அதைப் படிக்கும் ஊழியர் தினமும் ஐம்பது பேரிடம் அதைக் கேட்டிருப்பார். அவர்கள் எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். இந்தச் சண்டையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ஐ.எம்.இ.ஐ. என்பது ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண், 15 இலக்கம். முதல் 8 இலக்கம் மாடலைச் சொல்லும், அடுத்த 6 அந்தத் தனிப் போனை. கடைசி இலக்கம் முந்தையவற்றைக் கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டு வரும் சரிபார்ப்பு எண், அவ்வளவுதான். இரட்டை சிம் போனுக்கு இரண்டு எண்கள் உண்டு. அனுப்பும்போது கிடங்கில் ஒன்றைப் பதிவு செய்து, திரும்பி வந்ததும் மற்றதைப் படித்துவிட்டு 'பொருந்தவில்லை' என்று சொல்வது நடக்கிற காரியம். இரண்டு எண்ணையும் முழுசாக எழுதித் தரச் சொல்லுங்கள். 'பொருந்தவில்லை' என்ற ஒற்றை வார்த்தையை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, நீங்கள் பன்னிரண்டு நாள் கையில் வைத்திருந்த போனின் எண் எது? அதைக் கண்டுபிடிக்க பெட்டி தேவையில்லை. அந்தப் போனில் போட்டிருந்த கூகுள் கணக்கில் நுழைந்து, தொலைந்த போனைத் தேடும் பக்கத்தைத் திறந்து, சாதனத்தின் விவரத்தைத் தட்டினால் ஐ.எம்.இ.ஐ. தெரியும். ஆப்பிள் என்றால் ஆப்பிள் கணக்கின் சாதனப் பட்டியலில் இருக்கும். இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கணக்கிலிருந்து சாதனத்தை நீக்கினால் விவரமும் போய்விடும். அது கிடைக்காவிட்டால் உங்கள் சிம் நிறுவனத்திடம், 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என் சிம் எந்தக் கருவியில் இருந்தது' என்று எழுதிக் கேளுங்கள். உங்களைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை பொப்பியா எனும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் (2013-இன் 4ஆம் எண் சட்டம்) தருகிறது. நெட்வொர்க் பதிவில் கடைசி இலக்கம் சில சமயம் 0 என்றே இருக்கும். முதல் 14 இலக்கத்தை ஒப்பிட்டால் போதும்.

எண் கைக்கு வந்ததும் மூன்றில் ஒன்று தெரியவரும்.

கடை அனுப்பியதாகச் சொல்லும் எண்ணே உங்கள் கணக்கிலும் இருந்தால், சரியான போன்தான் உங்களிடம் வந்தது. மாறியது பிறகு. உங்கள் வீட்டு வாசலுக்கும் அவர்கள் மேசைக்கும் நடுவில் எங்கே மாறியது என்று அவர்களும் தேட வேண்டும்.

கடை 'இது வேறு' என்று காட்டும் போனின் எண் உங்கள் கணக்கில் இருந்தால் நிலைமை இன்னும் சாதகம். ஆரம்பத்திலேயே பெட்டி ஒரு போனுடையது, உள்ளே இருந்தது வேறொரு போன். கிடங்கில் போனை எடுத்துப் பார்க்காமல் பெட்டி லேபிளை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பினால் இப்படித்தான் வரும். முன்பு யாரோ திருப்பி அனுப்பிய போன் மறுபடி பெட்டியில் ஏறியிருக்கலாம்.

இரண்டோடும் சேராத மூன்றாவது எண் வந்தால், பெரும்பாலும் யாரோ தவறாகப் படித்திருக்கிறார்கள். போனின் உடலில் இருக்கும் எண்ணையும் *#06# அழுத்தினால் திரையில் வரும் எண்ணையும் ஒரே படத்தில் காட்டச் சொல்லுங்கள். தொடுதிரை வேலை செய்யாத உங்கள் போனில் *#06# அழுத்தவே முடியாது என்பதையும் கவனியுங்கள். அவர்கள் கையில் இருக்கும் போனின் திரை நன்றாக வேலை செய்கிறது என்றால், அதுவே ஒரு சாட்சி.

எல்லாவற்றையும்விட உறைக்கும் கேள்வி ஒன்று உண்டு: 'என்னுடையது அல்ல என்று நீங்கள் சொல்லும் அந்தப் போனின் எண்ணை உங்கள் விற்பனைப் பதிவில் தேடிப் பார்த்தீர்களா? அது வேறு வாடிக்கையாளருக்கு நீங்கள் விற்றதா?' ரிட்டர்ன் மேசையில் இரண்டு பார்சலை ஒருசேரப் பிரித்து வைத்தால், பெட்டி அங்கே, போன் இங்கே என்று ஆகிவிடுவது சுலபம். அந்த எண் அவர்கள் விற்ற எண்ணாகவே இருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

இப்போது சட்டம். பழுது என்று திருப்பியதால் உங்களுக்கு 2008-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (68ஆம் எண்), பிரிவு 56 துணை. வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுதான பொருளைத் திருப்பலாம், அதுவும் விற்றவரின் பொறுப்பிலும் செலவிலும். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள், கடை அல்ல. அவர்கள் அனுப்பிய கூரியரிடம் ஒப்படைத்த பிறகு வழியில் நடந்தது அவர்கள் பொறுப்பு என்று வாதிட இது வலுவான இடம். ஆனால் நீங்கள் சரியான போனைத்தான் ஒப்படைத்தீர்கள் என்பதை மட்டும் இந்தப் பிரிவு நிரூபித்துத் தராது. அதற்குத்தான் மேலே சொன்ன எண் வேட்டை.

மின்னஞ்சல் ஆங்கிலத்தில் எழுதுவீர்கள். சாரம் இப்படி இருக்கட்டும்:

'ஆர்டர் எண் இது, வேபில் (கூரியர் சீட்டு) எண் இது. பிரிவு 56-இன்படி பழுது என்று திருப்பினேன். அனுப்பியபோது பதிவான இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள், வந்த போனின் இரண்டு எண்கள், பார்சல் பிரித்த படம் அல்லது வீடியோ, ஒவ்வொரு டிப்போவிலும் ஸ்கேன் ஆன நேரம், அங்கே பதிவான நிஜ எடை, பை சீல் எண் ஆகியவற்றைத் தாருங்கள். தகராறு தீரும்வரை அந்தப் போனை அழிக்கவோ விற்கவோ அனுப்பவோ வேண்டாம். கேமரா பதிவையும் பாதுகாத்து வையுங்கள்.'

நிஜ எடை என்று தனியாகக் கேட்பதற்குக் காரணம், கூரியர் பில்லில் பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிட்ட எடையும் இருக்கும், அது எதையும் நிரூபிக்காது. கேமரா பதிவு அதிக நாள் தங்காது, அதனால் இந்தக் கடிதம் இன்றே போகட்டும். போனில் பேசினால், பேசியதைச் சுருக்கமாக அன்றே மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். மின்னஞ்சலும் வாட்ஸ்ஆப்பும் சாட்சியமாக ஏற்கப்படுவதற்கு 2002-இன் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் வழி செய்திருக்கிறது.

அருகிலுள்ள காவல் நிலையத்தில் அடையாள அட்டையோடு போய் அஃபிடவிட் (பிரமாண வாக்குமூலம்) கொடுங்கள், செலவு கிடையாது. என்ன போன், எந்தத் தேதி, யார் எடுத்துப் போனார் என்பதை மட்டும் எழுதுங்கள். 'டிரைவர் திருடிவிட்டார்' என்று எழுத வேண்டாம். நீங்கள் அதைப் பார்க்கவில்லை.

அந்த 'வேறு' போனை வாசலுக்கு அனுப்பினால்? வாங்க மறுப்பதே நல்லது, மறுத்த காரணத்தை அன்றே எழுதுங்கள். வீட்டில் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், பிரிக்காமல் லேபிளைப் படமெடுத்து, பிரிப்பதை ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்து, 'என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறேன்' என்று தெரிவியுங்கள். அதில் சிம் மட்டும் போட்டுவிடாதீர்கள். பிறகு உங்கள் பெயர் அந்த எண்ணோடும் சேர்ந்துவிடும்.

15 வேலை நாளில் தீராவிட்டால் நுகர்பொருள் மற்றும் சேவை ஒம்புட்ஸ்மனிடம் (வாடிக்கையாளர் புகாரை விசாரிப்பவர்) புகார் செய்யுங்கள். கட்டணம் இல்லை. அவர் தருவது பரிந்துரை, நீதிமன்ற ஆணை அல்ல. ஆனாலும் ரிட்டர்ன் மேசையைத் தாண்டி நிறுவனத்தின் மேலாளர் கண்ணுக்கு உங்கள் கோப்பு போவது பெரும்பாலும் அப்போதுதான். கார்டில் கட்டியிருந்தால் இதோடு சேர்த்து வங்கியிடம் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேளுங்கள். பொதுவாக 120 நாள் கெடு, ஒம்புட்ஸ்மன் முடிவுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிட வேண்டாம். இ.எஃப்.டி.யில் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பரிமாற்றம்) கட்டியவர்களுக்கு இந்த வழி இல்லை.

கடைசிப் படி சிறு வழக்கு நீதிமன்றம். 20,000 ராண்டு வரை கேட்கலாம், உங்கள் தொகை அதற்குள் அடங்கும். இரு தரப்புக்கும் வக்கீல் வர முடியாது. 14 நாள் கெடு கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்பிய பிறகே சம்மன். நிறுவனத்தின் அலுவலகம் கேப் டவுனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருந்தால், டர்பனில் வழக்குப் போட முடியுமா என்பதை எழுத்தரிடம் முதலிலேயே கேளுங்கள்.

கேள்வி: காலணி அளவு சரியில்லை என்று திருப்பினேன். 'வேறு ஜோடி, அணிந்தது' என்கிறார்கள். எனக்கும் பிரிவு 56 பொருந்துமா?
— வாசகர், லெனேசியா

பதில்: பொருந்தாது. காலணியில் பழுது இல்லை, உங்களுக்கு அது வேண்டாம் என்பதுதான் காரணம். அதற்கு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம், பிரிவு 44. கைக்கு வந்து 7 நாளுக்குள் ரத்து செய்யலாம், திருப்பும் செலவு உங்களுடையது, 30 நாளில் பணம் வர வேண்டும். 'விற்றவரின் பொறுப்பில்' என்ற வாசகம் இங்கே இல்லாததால், ஒப்படைத்ததற்கு ரசீது இருப்பது மிக முக்கியம். காலணி நாக்கின் உள்பக்கம் தைத்த லேபிளின் எண்ணையும் அடித்தளத்தின் படத்தையும் கேளுங்கள். அது உங்கள் அளவே இல்லை என்றால் பார்சல் மாறியிருக்கிறது.

கேள்வி: அடுத்த முறை அனுப்புமுன் என்ன படம் எடுக்க வேண்டும்?
— வாசகி, டோங்காட்

பதில்: இன்னொரு போனால், நிறுத்தாமல் ஒரே வீடியோ: பொருளின் சீரியல் எண், பழுது, பெட்டிக்குள் வைப்பது, டேப் ஒட்டுவது, வேபில் ஒட்டுவது, மூடிய பார்சலைச் சமையல் தராசில் வைத்து எடை காட்டுவது. பை சீல் எண்ணும் தெரியட்டும். அதை உடனே உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்தால் தேதியும் பதிவாகிவிடும். ஒரு பைக்கு ஒரு பொருள், ஒரு வேபில். இரண்டு ரிட்டர்னை ஒரே பையில் திணித்து அனுப்புவதால்தான் பாதிக் குழப்பம்.