பெட்டைக் குதிரையை எப்போது சினைக்கு விடலாம்?
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தையில் மார்வாரி இனப் பெட்டை ஒன்றை வாங்கினேன். இரண்டரை வயது என்று விற்றவர் சொன்னார். பக்கத்து ஊரில் நல்ல முடிச்சுழியுள்ள ஆண் குதிரை இருக்கிறது. இந்த ஆண்டே இணைசேர்க்கலாமா? மாடு வளர்த்த அனுபவம் உண்டு. கன்று ஈனுவதைப் போலத்தானே இதுவும்?
– வாசகர், பவானி வட்டம்

பதில்: இந்த ஆண்டு வேண்டாம். பெட்டைக் குதிரை இரண்டு வயதுக்கு முன்பே பருவத்துக்கு வந்துவிடும் என்றாலும் அதன் எலும்பு வளர்ச்சி அப்போது முடிந்திருக்காது. நான்கு வயது நிறையும்வரை காத்திருங்கள். விற்றவர் சொன்ன வயதையும் பல்லைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரத்தவை நாலரையிலும் பால்பல் விழுந்து முளைக்கும் என்பதால், கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தே ஏறக்குறையச் சொல்லிவிடுவார்.

சந்தையில் விலையே சுழியை வைத்துத்தான் பேசப்படுகிறது என்பதை அறிவேன். ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியவை ஆண் குதிரையின் கால் அமைப்பும் குளம்பும் குணமும்தாம். அதை நடத்தியும் ஓட்டியும் பாருங்கள். உங்கள் பெட்டையோடு இரத்த உறவு உண்டா என்று விசாரியுங்கள். கிளாண்டர்ஸ், தொற்றுச் சோகை ஆகிய நோய்களுக்கான இரத்தப் பரிசோதனை இரண்டு குதிரைகளுக்கும் முடிந்த பிறகே இணைசேர்க்க வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடியது என்பதால் இதில் உறவு, நட்பு பார்க்கக் கூடாது. ஹரியானாவில் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறது. மாதிரி அனுப்பும் முறையை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மாட்டு அனுபவம் பல இடங்களில் கைகொடுக்கும். சில இடங்களில் அதுவே காலை வாரிவிடும். பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல். குதிரைக்கோ ஏறக்குறைய 340 நாள், அதிலும் 320 முதல் 365 வரை எந்த நாளில் ஈன்றாலும் இயல்பே. பசு இரட்டைக் கன்று ஈன்றால் பெரும்பாலும் சமாளித்துவிடும். குதிரையின் கருப்பை இரண்டு குட்டிகளைத் தாங்குவது மிக அரிது, பெரும்பாலும் கரு கலைந்துவிடும். அதனால் இணைசேர்த்த 14 முதல் 16 நாளுக்குள் ஸ்கேன் எடுத்து, இரட்டை என்றால் ஒன்றை அப்போதே மருத்துவர் நீக்கிவிடுவார். தீவனத்திலும் எச்சரிக்கை தேவை. கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் கலக்கப்படும் மோனென்சின் என்ற மருந்து, மிகக் குறைந்த அளவிலேயே குதிரையின் இதயத்தைச் சிதைத்துவிடும். ஆகவே மிச்சமிருக்கும் மூட்டையைப் பகிர்ந்து போடாதீர்கள். கொள்ளும் நல்ல உலர்புல்லும் போக, தன் பெயரிலேயே குதிரையைச் சுமக்கும் குதிரைமசால் என்ற பசுந்தீவனத்தைக் கடைசி மூன்று மாதங்களில் கூட்டிக் கொடுக்கலாம். ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் தாய்க்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

ஈனும் இரவுதான் பெரிய வேறுபாடு. காம்பு நுனியில் மெழுகு போல் திரண்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் ஈன்றுவிடும். அதுவும் பெரும்பாலும் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகுதான். பனிக்குடம் உடைந்தபின் அரை மணி நேரத்துக்குள் குட்டி வெளியே வந்தாக வேண்டும். பசுவுக்குப் பார்ப்பதைப் போல இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் குட்டி பிழைக்காது. முதலில் வெண்மையான சவ்வு தெரிய வேண்டும். அதற்குப் பதிலாக வெல்வெட் போன்ற சிவந்த பை தெரிந்தால், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து குட்டிக்கு மூச்சுக்காற்று போகவில்லை என்று பொருள். மருத்துவர் வரும்வரை காத்திராமல் அதை உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும். குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். பசுவுக்குப் பாதி நாள் வரை பொறுப்பதுண்டு. குதிரைக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டினாலே மருத்துவரை அழையுங்கள். தங்கிய நஞ்சுக்கொடி அழுகிக் கருப்பையில் தொடங்கும் நஞ்சேற்றம் குளம்பு வரை போய்த் தாயை முடமாக்கிவிடும்.

சீம்பாலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் ஒன்றை நினைவூட்டுகிறேன்: தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்குப் போய்ச் சேருவதில்லை. அதைச் சீம்பாலிலிருந்து உறிஞ்சும் ஆற்றலும் முதல் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வேகமாகக் குறைந்து, ஒரு நாளில் ஏறக்குறைய நின்றுவிடும்.

கேள்வி: ஈன்ற மறுநாள் தாய்க் குதிரை இறந்துவிட்டது. குட்டிக்குப் பசும்பால் கொடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: அப்படியே கொடுக்க வேண்டாம். குதிரைப்பாலில் கொழுப்பு குறைவு, இனிப்பு அதிகம். கொழுப்பு இரண்டு சதவீதமாகக் குறைக்கப்பட்ட பாலில் லிட்டருக்கு 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கலந்து, முதல் நாள்களில் இரவு பகலாக ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். வீட்டுச் சர்க்கரையைப் போட்டால் செரிக்காமல் கழிச்சல் கண்டுவிடும். சீம்பால் போதிய அளவு குடித்ததா என்பதை இரத்தப் பரிசோதனையில் அறியலாம் என்பதால், மருத்துவரை இன்றே வரவழையுங்கள்.