மதுரை விமான நிலையத்தில் கைப்பையில் கத்தி, அரிவாளை ஏன் அனுமதிப்பதில்லை?

பயணி தன்னுடன் விமானத்துக்குள் எடுத்துச் செல்லும் பையில் இருக்கக் கூடாத பொருள்களைத்தான் தடை செய்யப்பட்டவை என்கிறோம். துப்பாக்கி, தோட்டா, கத்தி, அரிவாள் எல்லாம் இதில் அடங்கும். அசல் போலத் தோன்றும் பொம்மைத் துப்பாக்கியும்கூட.

மேலூர் பஸ்ஸில் ஒருவன் கத்தியை உருவினால் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டலாம், பயணிகள் இறங்கி ஓடலாம், போலீஸ் வந்துவிடும். முப்பதாயிரம் அடி உயரத்தில் இறங்கவும் முடியாது, உதவிக்கு யாரும் வரவும் முடியாது. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தியவர்கள் சிறிய கத்திகளையே பயன்படுத்தினார்கள். ஆகவே ‘சின்னதுதானே’ என்ற வாதம் எடுபடாது.

நம் பக்கத்தில் மகள் வீட்டுக்கு என்று ஆசையாக அரிவாள்மனை வாங்கிச் செல்லும் தாய்மார்கள் உண்டு. திருப்பாச்சேத்தி அரிவாளை நினைவாக வாங்குவோரும் உண்டு. அவர்கள் மனதில் இருப்பது எக்ஸ்ரே திரைக்குத் தெரியாது; உலோகம் நீல நிறத்தில் பளிச்சென்று தெரியும், மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் பையைத் திறந்துவிடுவார்கள். அன்போடு வாங்கிய பொருளை அங்கே விட்டுச் செல்வது உண்மையிலேயே வேதனை. கூர்முனையைக் கனமாகச் சுற்றி, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டிக்குள் முன்பே வைத்துவிடுங்கள்.

உரிமம் இருந்தால் துப்பாக்கியைக் கைப்பையில் கொண்டுபோகலாம் என்று பலர் நம்புவது தவறு. உரிமம் உள்ளவரும் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவித்து, தோட்டாவை அகற்றி, ஒப்படைக்கும் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும்.