பரணில் ஏறிய பெயர்கள்

அன்புள்ள ஐயா,

அம்மா தவறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊர் வீட்டை விற்றபோது அவருடைய பாத்திரங்கள் எல்லாவற்றையும் கோவைக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்களுடையது இரண்டு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீடு. பரண் நிரம்பிவிட்டது, கட்டிலுக்கு அடியிலும் சாக்கு மூட்டைகள். பிளாஸ்டிக் பெட்டிகள் பன்னிரண்டு வாங்கி அடுக்கிப் பார்த்தேன். இப்போது பெட்டிகளை வைக்க இடமில்லை. எல்லாவற்றையும் எடைக்குப் போடச் சொல்கிறார் கணவர். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது, எப்படிப் போடுவது?

சு., கோவை

அன்புள்ள சு.,

பன்னிரண்டு பெட்டி என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஒன்பது. பெட்டியைக் கடைசியில்தான் வாங்க வேண்டும் என்பது ஒன்பதாவதை வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெயர் வெட்டியிருக்கிறது என்கிறீர்கள். யாருடைய பெயர்? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தரையில் பரப்பி, விளிம்பைத் துடைத்துப் படித்துப் பாருங்கள். எங்கள் அம்மா போன பிறகு நானும் அக்காவும் அப்படி உட்கார்ந்தோம். குடம், தாம்பாளம், டிபன் கேரியர், ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் அடுக்குகள் என்று நாற்பத்தொரு உருப்படி. அம்மாவின் பெயர் இருந்தது ஆறில். மற்றவை கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வந்தவர்களின் பெயர்கள். அதில் இரண்டு பேர் யாரென்று அக்காவுக்கே தெரியவில்லை. பாதிப் பாத்திரங்களை அம்மாவும் புழங்கியதில்லை. சுற்றிய செய்தித்தாள் அப்படியே இருந்தது.

போகிக்குப் போகி எல்லாரும் எடுத்துவிடும் 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' உண்மையில் இலக்கணம். நன்னூல் அதை 'வழுவல' என்கிறது. கழிந்தால் குற்றமில்லை என்கிறார் பவணந்தி. கழித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. முன்பாதி உங்களுக்கு, பின்பாதி உங்கள் கணவருக்கு.

எவர்சில்வரில் தயக்கம் வேண்டாம். புதிதாகக் குடித்தனம் வைக்கிறவர்களுக்குக் கொடுங்கள். பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு புதிது தரும் பாத்திரக் கடைகளும் உண்டு. ஆனால் புதிது வாங்கிவிடாதீர்கள்! பித்தளை வேறு கணக்கு. உருளியோ தவலையோ இருந்தால் ஈயம் பூசிச் சமைக்கலாம். பூசாத பித்தளையில் புளி சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது. பூசுகிறவர்கள் இப்போது தெருவில் கூவிக்கொண்டு வருவதில்லை, பாத்திரக் கடையில்தான் விசாரிக்க வேண்டும்.

பரணைப் பற்றி ஒன்று. பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தது. புகை படுவதால் விதையில் பூச்சி அண்டாது. அடுத்த பட்டத்துக்கு அந்த விதை கீழே இறங்கிவிடும். நம் கான்கிரீட் பரணில் ஏறியது இறங்குவதே இல்லை. கொலு பொம்மை, பயணப் பெட்டி என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது இறங்குவதை மட்டும் அங்கே விடுங்கள். கனமான அண்டா ஏதாவது மேலே இருந்தால் இந்த வாரமே ஆள் வைத்து இறக்குங்கள். நீங்களாக ஸ்டூல் போட்டு ஏற வேண்டாம்.

நான் வைத்துக்கொண்டது அம்மாவின் ஈயச்சொம்பு ஒன்றைத்தான். பரணில் ஏற்றாமல் அடுப்பருகிலேயே வைத்து நான்கு ஆண்டுகள் அதில் ரசம் வைத்தேன். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், ரசத்தை ஊற்றிய பிறகுதான் அதை அடுப்பில் ஏற்ற வேண்டும். போன ஆடியில் தொலைபேசியில் பேசிக்கொண்டே வெறும் சொம்பை ஏற்றிவிட்டேன். அடி போய்விட்டது. அக்கா இன்னும் திட்டுகிறாள். எனக்கு அவ்வளவு வருத்தமில்லை, நான்கு ஆண்டு ரசம் கிடைத்ததே.

உங்கள் கடிதத்தில் பெட்டிக் கணக்கு இருக்கிறது. அம்மா தினமும் எதில் சமைத்தார் என்று ஒரு வரி இல்லை. அது எந்தச் சாக்கில் கிடக்கிறது?