ஸ்லோ குக்கர் குறிப்பை ஸ்டோன்வேர் பாத்திரத்தில் செய்யலாமா? கேள்வி பதில்

மின்சாரத்தில் மணிக்கணக்காக மெதுவாகச் சமைக்கும் ஸ்லோ குக்கர் பழுதாகிவிட்டது, அல்லது காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகப் பயமாக இருக்கிறது. அலமாரியிலோ மூடி போட்ட ஸ்டோன்வேர் (நன்றாகச் சுட்ட கனமான பீங்கான்) பாத்திரம் ஒன்று சும்மா கிடக்கிறது. அதே குறிப்பை அதில் போட்டு ஓவனில் வைக்கலாமா என்று தென்னாப்பிரிக்காவின் பல ஊர்களிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, மட்டன் குழம்புக் குறிப்பில் "லோ"வில் 8 மணி நேரம் என்று இருக்கிறது. ஓவனில் எவ்வளவு நேரம்?

லோவில் 8 மணி என்றாலும் ஹையில் 4 மணி என்றாலும் ஓவனுக்கு ஒரே கணக்குதான். 160 டிகிரியில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். விசிறி ஓடும் ஓவன் என்றால் 140 போதும். எலும்போடு கூடிய கோழித் தொடை ஒரு மணி, ஒன்றேகால் மணியில் வெந்துவிடும். ஸ்லோ குக்கரில் லோவும் ஹையும் கடைசியில் போய்ச் சேருவது கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான். எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கடிகாரத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள். குழம்பின் மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வர வேண்டும். தளதளவென்று கொதித்தால் 10 டிகிரி குறையுங்கள், இல்லாவிட்டால் இறைச்சி நார்நாராகிவிடும். கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றால் எடுத்துவிடலாம்.

டோங்காட்டிலிருந்து: தண்ணீர் அளவை மாற்ற வேண்டுமா?

கட்டாயம் மாற்ற வேண்டும். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்லோ குக்கரில் ஆவி மூடியில் பட்டுத் திரும்ப உள்ளேயே சொட்டுகிறது, வெங்காயமும் கறியும் வேறு தண்ணீர் விடுகின்றன. அதனால் அந்தக் குறிப்புகளில் தண்ணீரைக் குறைத்தே எழுதியிருப்பார்கள். ஓவனில் மூடி இடுக்கு வழியாக ஆவி போய்க்கொண்டே இருக்கும். ஒரு கிலோ கறிக்கு அரை கப்பிலிருந்து ஒரு கப் வரை கூட்டிக்கொள்ளுங்கள். மூடி சரியாக உட்காராவிட்டால் பிரியாணிக்குத் தம் போடுவது போல மாவைத் திரித்து விளிம்பைச் சுற்றி ஒட்டலாம். அலுமினியத் தாளை விரித்து அதன்மேல் மூடினாலும் சரி.

நடுவில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தால் கெட்டிலில் கொதித்த தண்ணீரையே ஊற்றுங்கள். சூடான ஸ்டோன்வேரில் பச்சைத் தண்ணீர் பட்டால் "டிக்" என்று ஒரு சத்தம், அத்தோடு பாத்திரம் போச்சு.

பீனிக்ஸிலிருந்து: ஆன்ட்டி, அந்தப் பாத்திரத்திலேயே அடுப்பில் தாளித்துவிட்டு ஓவனில் வைக்கலாமா? ஒரு பாத்திரம் கழுவுவது மிச்சமாகுமே.

வேண்டாம்மா. அடுப்பின் சூடு அடியில் ஒரே இடத்தில் ஏறும், அந்த இடம் மட்டும் விரியும், சுற்றியுள்ள பகுதி விரியாது. விரிசல் அங்கேதான் தொடங்கும். அடுப்பில் வைக்கலாம் என்று அடியில் அச்சடித்திருந்தால் ஒழிய வைக்காதீர்கள். கிரில்லுக்கும் இதே பதில்தான்.

கழுவ இன்னொரு சட்டி சேர்ந்தாலும் பரவாயில்லை, தாளிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் பச்சையாகக் கொட்டி மூடினால் மசாலாவின் பச்சை வாசனை கடைசிவரை போகாது. எண்ணெயில் பட்டை, பிரிஞ்சி இலை, சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம். வெங்காயம் சிவந்ததும் இஞ்சி பூண்டு, அப்புறம் மசாலாத் தூள். அடுப்பைக் குறைத்து, தூள் கருகாமல் எண்ணெய் சிவப்பாகப் பிரியும்வரை கிளறுங்கள். கறியைப் போட்டுப் பிரட்டி, தக்காளி சேர்த்துக் கொதி வந்தபின் மாற்றுங்கள். அதற்குள் ஸ்டோன்வேரில் குழாயின் வெந்நீரை ஊற்றி வைத்திருந்தால் அதுவும் சூடேறியிருக்கும். சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதை அரை கப் வெந்நீர் விட்டுச் சுரண்டி அதையும் ஊற்றிவிடுங்கள். ருசி அதில்தான் இருக்கிறது. பாத்திரம் முக்கால் பாகத்துக்கு மேல் நிறையக் கூடாது.

பொட்டலச் சூப் தூளைப் போடச் சொல்லும் குறிப்புகள் இந்த நாட்டில் ஏராளம். அந்தப் பக்கமே நான் போவதில்லை. அதிலிருக்கும் மாவு ஓவனில் அடிப்பிடிக்கும்.

லெனேசியாவிலிருந்து: டர்பனில் என் மாமியார் செய்யும் சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) குழம்பு வெண்ணெயாக வேகிறது. இங்கே ஓவனில் மூன்று மணி நேரம் வைத்தும் கல் மாதிரி இருக்கிறது. பாத்திரத்தின் கோளாறா?

ஊரின் உயரமும் ஒரு காரணம். உங்கள் லெனேசியா இருக்கும் ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். டர்பனில் 100. அந்த 6 டிகிரியில் பீன்ஸுக்கு ரொம்ப வித்தியாசம். மாமியார் சொன்ன நேரத்தோடு இன்னும் ஒரு மணி நேரமாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தக்காளியையும் புளியையும் முதலிலேயே போட்டிருந்தால் அதுவும் ஒரு காரணம். புளிப்பு பட்டால் தோல் இளகாது. பீன்ஸ் மசிந்த பிறகே அவற்றைச் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சுகர் பீன்ஸ், சிவப்பு கிட்னி பீன்ஸ் இரண்டும் ஒரே இனம். அவற்றில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது, கிட்னி பீன்ஸில் மிக அதிகம். சரியாக வேகாததைச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். அரைகுறைச் சூட்டில் அது அழிவதில்லை, அதிகமாகக்கூட ஆகலாம். இரவு ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டு, அப்புறம் ஓவனுக்குக் கொண்டுபோங்கள். ஸ்லோ குக்கரில் செய்தாலும் இதுதான் முறை. சாம்ப் அண்ட் பீன்ஸ் (உடைத்த மக்காச்சோளமும் பீன்ஸும்) செய்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வெருலத்திலிருந்து: உருளைக்கிழங்கு கரைந்துவிடுகிறது.

ஸ்லோ குக்கரில் கிழங்கு மெதுவாக வேகும், அதனால் அடியில் முதலிலேயே போடச் சொல்வார்கள். ஓவனில் கடைசி 45 நிமிடம் போதும். இரண்டாக மட்டும் வெட்டுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: பாதியில் கரண்ட் போனால் கொட்டிவிடுவதா?

ஒரு மணி நேரம் நன்றாகக் கொதித்திருந்தால் ஓவன் கதவைத் திறக்காதீர்கள். கனமான பாத்திரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் வந்ததும் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்து, 60 டிகிரிக்கு மேல் இருந்தால் மறுபடி கொதிக்கவிட்டுத் தொடருங்கள். கொதியே வராத நிலையில் போய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொட்டத்தான் வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து மறுபடி: பிரீபெய்டு மீட்டரில் எது சிக்கனம்?

ஸ்லோ குக்கர்தான், சந்தேகமில்லை. ஓவனைப் போட்டால் மேல்தட்டில் குழம்பு, கீழ்த்தட்டில் ராத்திரிக்கு வேறொன்று என்று சேர்த்து வையுங்கள்.

ஐசிபிங்கோவிலிருந்து: ஸ்லோ குக்கரின் உள்சட்டியையே ஓவனில் வைத்தால் என்ன? இரவே எல்லாம் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காலையில் ஏற்றலாமா?

உள்சட்டியின் அடியிலோ கையேட்டிலோ ஓவனுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் வைக்கலாம் தம்பி. அதன் கண்ணாடி மூடிக்குப் பெரும்பாலும் அந்த அனுமதி இருக்காது, அதையும் தனியாகப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனுக்குப் போனால் ஸ்டோன்வேர் விரிசல் விடலாம். இரவில் வேறு டப்பாவில் வைத்துவிட்டு, காலையில் அடுப்பில் ஒரு கொதி விட்டு, வெந்நீரில் சூடேற்றிய பாத்திரத்துக்கு மாற்றி, ஓவனை அதன் பிறகே போடுங்கள். ஓவன் சூடாவதற்கென்று 20 நிமிடம் கூடுதலாக வையுங்கள். தேங்காய்ப்பாலோ தயிரோ சேர்ப்பதாக இருந்தால் இறக்குவதற்குக் கால் மணி முன்னால். வெளியே எடுத்ததும் ஈரமான கல்மேடையில் வைக்காமல் மடித்த துணி மேல் வையுங்கள். அடிப்பிடித்திருந்தால் ஆறும்வரை சிங்க் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஆறியபின் வெதுவெதுப்பான தண்ணீரில் சோடா உப்பு போட்டு ஊறவைத்தால் தேய்க்காமலே வந்துவிடும்.