மருத்துவமனையின் பழைய மென்பொருள் மேல் நோயாளிகளுக்கான செயலி கட்ட ஏன் இத்தனை மாதங்கள்? பழையதைத் தூக்கியெறிந்தால் என்ன?

‘ஒரு ஏபிஐ, அதாவது இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி, போட்டால் முடிந்தது’ என்று சொல்லித்தான் உங்களையும் இந்த வேலையில் இறக்கிவிட்டிருப்பார்கள்.

தூக்கியெறியலாம். ஆனால் நள்ளிரவில் நோயாளியைச் சேர்ப்பதும், பரிசோதனை முடிவு வார்டுக்குப் போவதும் அதில்தான் நடக்கிறது.

மருத்துவமனை மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைப்பது என் வேலை. எங்களிடம் ஓடியவை எச்எல்7 இரண்டாம் பதிப்புச் செய்திகள்; மருத்துவமனை மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் அனுப்பும் வடிவம். 1980களின் இறுதியில் பிறந்த தரம். ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு. நோயாளியின் விவரங்களுக்கான, பிஐடி என்று தொடங்கும் வரியில் ஐந்தாவது இடத்தில் பெயர், ஏழாவதில் பிறந்த தேதி, பதின்மூன்றாவதில் தொலைபேசி எண். பார்க்க அழகில்லை, ஒழுங்காக ஓடுகிறது.

தகராறு அந்தப் பதின்மூன்றாவது இடத்தில்தான். அந்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பி, அதைச் செயலியில் போடுபவருக்குப் பரிசோதனை முடிவைக் காட்டுவது என்று மேலே முடிவாகியிருந்தது. தரவைப் புரட்டினால், சம்பந்தமே இல்லாத பல நோயாளிகளுக்கு ஒரே எண். பதிவுப் பிரிவில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அம்மா சிரித்துவிட்டார். “அது நோயாளியின் எண் என்று யார் சொன்னது, தம்பி? கூட வந்தவர் எண்ணைப் போடுவோம். யாரும் வராவிட்டால் ஆம்புலன்ஸ் ஓட்டுநருடையது. அவசரத்துக்குக் கூப்பிட ஆள் வேண்டாமா?”

அவர்கள் செய்தது முழுக்கச் சரி. செயலியை அப்படியே விட்டிருந்தால் யாரோ ஒருவருடைய எச்ஐவி முடிவு ஓட்டுநரின் கைபேசியில் திறந்திருக்கும்.

பழைய அமைப்பைத் தொடவில்லை. சரிபார்த்த எண்களுக்கு வெளியே தனி அட்டவணை வைத்தோம். நோயாளி நேரில் வந்து அடையாளம் காட்டிய பிறகே கணக்கு. ஒரே ஆளின் இரண்டு பதிவுகளை ஒன்றாக்கும் ஏ40 செய்தி வந்தால் அந்த அட்டவணையும் கூடவே மாற வேண்டும். இல்லையென்றால் கணக்கு செல்லாத பதிவு எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கும். மாதங்களைத் தின்றது இதுதான், நிரல் எழுதுவது அல்ல.

‘இப்போதுதான் எச்எல்7-இன் புதிய தரம் எஃப்எச்ஐஆர் இருக்கிறதே’ என்று யாராவது கிளம்புவார்கள். நானும் பயன்படுத்துகிறேன், நல்ல தரம். அதே ஓட்டுநரின் எண்ணை இன்றைய செயலிகள் படிக்கும் ஜேசன் வடிவத்தில் அழகாகக் கொடுக்கும். பழையதைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை; பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன சர்வரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். செயலியின் தொடக்க விழாவில் ஆலோசகர்களுக்கெல்லாம் நினைவுப் பரிசு கொடுத்தார்கள். பதிவுப் பிரிவு அம்மாவுக்கு அழைப்பே இல்லை. போதாக்குறைக்கு, அவர் கவுண்டரில் ஓர் ஆளையும் குறைத்துவிட்டார்கள். செயலி வந்துவிட்டதாம்!